விரலுறைப் பூவும் விதரிங்கின் கணக்கும்

நம் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்கும்போதெல்லாம் கல்வெட்டு, செப்பேடு, பழைய ஊர்ப்பெயர் என்று ஏதாவது எழுதிக் கொடுப்பது என் வழக்கம். இந்த முறை ஒரு பூச்செடியின் வரலாற்றை எழுதுகிறேன். அது நம் ஊர்ச் செடி இல்லை. ஐரோப்பாவின் மேற்குப் பகுதியில் காட்டோரத்தில் தானாக முளைப்பது. ஆனாலும் நம்மில் பல வீடுகளின் மருந்து டப்பாவுக்குள் அது வந்து உட்கார்ந்திருக்கிறது. எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தது. அதனால்தான் இந்த ஆராய்ச்சியில் இறங்கினேன்.

நான் படித்தது பள்ளி இறுதி வரைதான். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1983-ல் டில்லிக்கு வந்து, நாட்டு மருந்துச் சரக்கு வியாபாரத்தில் காலம் தள்ளியவன். இலை, பட்டை, வேர் என்று மூட்டை மூட்டையாக வாங்கி விற்றவன். ஆகவே டாக்டர் பேசுவதுபோல் என்னால் பேச முடியாது. எடை போடுகிறவன் பேசுவதாக வைத்துக்கொண்டு படியுங்கள்.

எல்லாம் மஞ்சளாத் தெரியுதுடா

2006-ல் நடந்தது. எங்கள் அம்மா பாதி வருஷம் ஊரிலும் பாதி வருஷம் டில்லியில் எங்களோடும் இருப்பார். இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுகிறது என்று இங்கே ஒரு டாக்டர் தினம் ஒரு சின்ன மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். ஊருக்குப் போன இடத்தில் அங்கிருந்த டாக்டரும் பரிசோதித்து ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார். அம்மா இரண்டையும் பத்திரமாக எடுத்துக்கொண்டு டில்லிக்கு வந்துவிட்டார். காலையில் ஒன்று. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற வீடு எங்களுடையது. அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொன்று. அட்டை வேறு, பெயர் வேறு, நிறம் வேறு. ஆனால் உள்ளே இருந்தது ஒரே மருந்து!

பத்து நாளில் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. வாந்தி. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்கள் மோர் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் சமையலறைச் சுவரைப் பார்த்து, "என்னடா, எல்லாம் மஞ்சளாத் தெரியுதுடா, சுண்ணாம்பு அடிச்சிட்டியா?" என்று கேட்டார். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நாடி நிமிஷத்துக்கு 38. ஓர் இளம் டாக்டர் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பொடி எழுத்தில் இருந்த பெயரைப் படித்துக் காட்டினார்: டிகாக்சின். "ஃபாக்ஸ்குளோவ்னு ஒரு பூச்செடிலேருந்து வர்றது சார். கொஞ்சம் கூடினாலும் விஷம்" என்றார். நாலு நாள் மானிட்டர் போட்டு வைத்து அம்மாவைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இருபது வருஷத்துக்கு மேலாக மூலிகைச் சரக்கு விற்கும் எனக்கு அந்தச் செடியின் பெயர்கூடத் தெரியவில்லையே என்று வெட்கமாகிவிட்டது. அன்று ஆரம்பித்த படிப்பு இது.

பெயர் வந்த வழி

இங்கிலீஷில் ஃபாக்ஸ்குளோவ் என்றால் நரியின் கையுறை. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய பழைய ஆங்கிலத்திலேயே இந்தப் பெயர் இருக்கிறது. நரி அல்ல, தேவதைகளின் கையுறை என்பதுதான் திரிந்தது என்று சிலர் கதை சொல்வதுண்டு. பழைய ஏடுகளில் நரிதான் இருக்கிறது. ஜெர்மன்காரர்கள் இதை ஃபிங்கர்ஹூட் என்பார்கள். தையற்காரர் ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டுகிற உறைக்கு அதுதான் பெயர். நம் டில்லித் தையற்காரர் அங்குஸ்தானா என்கிறாரே, அதேதான். லியோன்ஹார்ட் ஃபூக்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர் 1542-ல் வெளியிட்ட பெரிய தாவர நூலில், விரல் என்ற லத்தீன் சொல்லிலிருந்து டிஜிட்டாலிஸ் என்று பெயர் சூட்டினார். 1753-ல் லின்னேயஸ் அதை நிலைநிறுத்தி டிஜிட்டாலிஸ் பர்ப்யூரியா என்றார். இந்த ஃபூக்ஸ் என்ற குடும்பப் பெயருக்கு ஜெர்மன் மொழியில் நரி என்றே பொருள் என்பது ஒரு வேடிக்கை.

இந்தியில் இதற்குத் திலபுஷ்பி என்று ஒரு பெயர் உண்டு. எள்ளுப்பூ போன்றது என்று அர்த்தம். படத்தைப் பார்த்தால் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள். நம் புலவர்கள் மூக்குக்கு உவமை சொன்ன அதே எள்ளுப்பூ வடிவம்தான். அளவில் பெரியது, உள்ளே புள்ளி புள்ளியாக இருக்கும். ஹ்ருத்பத்ரி, அதாவது இதய இலை, என்றும் வடமொழியில் ஒரு பெயர் வழங்குகிறது. அது பிற்காலத்தில் கட்டிய பெயர். இதை வைத்துக்கொண்டு நம் முன்னோர் இந்தச் செடியை அன்றே அறிந்திருந்தார்கள் என்று மேடையில் முழங்கக் கூடாது. நம் மண்ணில் இல்லாத செடி நம் பழைய நூலில் எப்படி இருக்கும்? நமக்குப் பெருமை சேர்க்க உண்மையே நிறைய இருக்கிறது.

பாத்தி ஓரத்தில்

நான் அந்தச் செடியை நேரில் பார்த்தது 2008 ஜூனில், சிம்லாவில். நாங்கள் தங்கிய விடுதிக்கு முன்னால் புல்வெளி. அதன் ஓரமாக, கல் சுவரை ஒட்டி, நீளமாக ஒரு பூப்பாத்தி. இங்கிலீஷ்காரர்கள் இதைப் பார்டர் என்பார்கள். முன்வரிசையில் குட்டைச் செடி, நடுவில் முழங்கால் உயரம், பின்வரிசையில் ஆள் உயரம் என்று ஏறுவரிசையாக நடுவது அவர்கள் முறை. பின்வரிசையில் ஊதாவும் வெள்ளையுமாக மணிகள் தொங்கும் கம்பங்கள் நாலைந்து நின்றன. தோட்டக்காரரைக் கேட்டேன். பெயர் சொன்னார். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுவா என்னை அந்தப் பாடு படுத்திச்சு? அழகாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, தொடாமல் இரண்டடி தள்ளியே நின்று பார்த்தார்.

காட்டுச் செடி பாத்திக்கு வந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில், வெப்பநாட்டுப் பூச்செடிகளைக் கண்ணாடி வீட்டில் வளர்த்து, கோடையில் கம்பளம் விரித்தாற்போல் வட்டமும் சதுரமுமாக நடுவது நாகரிகமாக இருந்தது. வில்லியம் ராபின்சன் என்பவர் 1870-ல் ஒரு புத்தகம் போட்டு அதை எதிர்த்தார். அந்தந்த மண்ணில் தானாக வாழும் செடியைத் தோட்டத்தில் கலந்து விடுங்கள் என்றார். அவர் வழியில் வந்த கெர்ட்ரூட் ஜெகில் அம்மையார் பாத்தி நடும் முறையை ஒரு கலையாகவே ஆக்கினார். வேலியோரத்து ஃபாக்ஸ்குளோவுக்கு இவர்கள் காலத்தில் தோட்டத்தில் கௌரவமான இடம் கிடைத்தது. பிறகு 1920-களில் லண்டனை அடுத்த மெர்டனில் இருந்த ஜான் இன்னஸ் ஆய்வு நிலையத்தில் மங்கிய ரோஜா நிறத்தில் ஒரு கலப்பினத்தை உண்டாக்கினார்கள். 1967-ல் ஃபாக்ஸி என்ற குட்டை ரகம் அமெரிக்காவில் பரிசு பெற்றது.

இந்தச் செடிக்கு ஆயுள் இரண்டு வருஷம். முதல் வருஷம் தரையோடு தரையாக இலை மட்டும் விரிக்கும். குளிரைத் தாண்டி அடுத்த கோடையில் நாலிலிருந்து ஆறடி உயரத்துக்குத் தண்டு விட்டுப் பூக்கும். விதை கொட்டியதும் பெரும்பாலும் செத்துப்போகும். ஆனால் கொட்டிய விதையில் தானாக முளைக்கும் கன்றுகளால் பாத்தி காலியாவதில்லை. அரை நிழலும், இலைமக்கு நிறைந்த, நீர் தேங்காத மண்ணும் அதற்குப் பிடிக்கும்.

எல்லாப் பூவும் ஒன்றாகத் திறப்பதில்லை. கீழிருந்து மேலாகத் திறக்கும். கீழே உள்ளவை மூத்த பூக்கள். அவற்றில்தான் தேன் அதிகம், மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் பருவமும் அவற்றுக்குத்தான். மேலே உள்ள இளம் பூக்கள் மகரந்தம் கொடுப்பவை. பெரிய வண்டுத்தேனீ கீழ்ப்பூவில் ஆரம்பித்து மேலே ஏறும். உச்சியில் மகரந்தத்தை அப்பிக்கொண்டு அடுத்த செடியின் கீழ்ப்பூவுக்குப் போகும். ஒரு செடியின் சரக்கு அடுத்த செடிக்கு இப்படித்தான் போய்ச் சேருகிறது. எந்த வியாபாரியும் இதைவிட ஒழுங்காக லோடு அனுப்ப முடியாது.

டில்லி மாடியில் நானும் தொட்டியில் போட்டுப் பார்த்தேன். விதை தூசி மாதிரி இருக்கிறதே, பறந்துவிடப் போகிறது என்று அரை அங்குலம் மண் போட்டு மூடினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. இந்த விதைக்கு வெளிச்சம் பட வேண்டும். மண்மேல் தூவி லேசாக அழுத்தினால் போதும் என்று பிறகுதான் தெரிந்தது. மறு வருஷம் அக்டோபரில் ஃபாக்ஸி ரகத்தை அப்படித் தூவினேன். மார்ச்சில் பூத்தது. ஏப்ரல் வெயிலில் போய்விட்டது. பேரக்குழந்தைகள் நடமாட ஆரம்பித்த பிறகு வளர்ப்பதை நிறுத்திவிட்டேன். இலை, பூ, விதை எல்லாமே விஷம். காய வைத்தாலும் விஷம் போகாது.

பொட்டணத்துக்குள் இருபது மூலிகை

இனி மனிதருக்கு வருவோம். வில்லியம் விதரிங் 1741-ல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் வெலிங்டன் என்ற ஊரில் பிறந்தவர். 1766-ல் எடின்பரோவில் டாக்டர் பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோது தாவரப் பாடம் என்றாலே அவருக்குக் கசப்பு. பிறகு பூக்களை ஓவியமாக வரையும் ஹெலனா என்ற பெண்ணை மணந்தார். 1776-ல் பிரிட்டனின் செடிகொடிகளைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார்.

1775-ல் ஒரு குடும்பத்து இரகசிய மருந்தைப் பற்றி அவரிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். ஷ்ராப்ஷயரில் ஒரு கிழவி நெடுங்காலம் இரகசியமாக வைத்திருந்தது. உடம்பில் நீர் கோத்துக் காலும் வயிறும் வீங்கும் நோய்க்கு, நம் ஊரில் மகோதரம் என்பார்களே, அதற்கு அவள் கொடுத்தது. டாக்டர்கள் கைவிட்ட சிலர்கூட அதில் பிழைத்திருந்தார்கள். பொட்டணத்தில் இருபது மூலிகைக்கு மேல் இருந்தன. இதில் வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் ஒன்றுதான் என்று விதரிங் கண்டுகொண்டார்.

இந்தக் கிழவிக்கு ஹட்டன் பாட்டி என்று பெயர் சொல்லி, விதரிங் அவளிடம் பேரம் பேசுவதுபோல் ஒரு படமும் பல இடங்களில் பார்ப்பீர்கள். அந்தப் பாட்டி 1928-ல் ஓர் அமெரிக்க மருந்துக் கம்பெனியின் விளம்பரப் படத்தில் பிறந்தவள்! விதரிங் தம் நூலில் கிழவியின் பெயரைச் சொல்லவேயில்லை. கதை சுவையாக இருக்கிறது என்பதற்காக அதை வரலாற்றுப் பேரேட்டில் ஏற்றிவிடக் கூடாது.

விஷயம் அத்தோடு முடிந்திருந்தால் அவரும் இன்னொரு இரகசிய மருந்துக்காரராகப் போயிருப்பார். அவர் செய்தது வேறு. பர்மிங்ஹாமில் ஆண்டுக்கு இரண்டு மூவாயிரம் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்துவந்தார். ஆரம்பத்தில் அளவு தெரியாமல் அதிகமாகவும் அடிக்கடியும் மருந்தைக் கொடுத்துவிட்டேன் என்று அவரே எழுதுகிறார். முதலில் கஷாயம் வைத்துக் கொடுத்தார்; அதிகம் கொதித்தால் சக்தி குறைகிறது என்று கண்டார். வேரைப் பார்த்தார், பருவத்துக்குப் பருவம் வீரியம் மாறுகிறது. கடைசியில், இரண்டாம் வருஷம் பூ வரும் சமயத்தில் இலையைப் பறித்து, காம்பையும் நடுநரம்பையும் நீக்கி, காய வைத்துப் பொடியாக்கினார். காய்ந்தால் எடை ஐந்தில் ஒன்றுக்கும் கீழே போகும் என்பதுவரை குறித்திருக்கிறார். பெரியவர்களுக்கு ஒன்று முதல் மூன்று கிரெய்ன் பொடி, நாளைக்கு இரண்டு வேளை. ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம். நம் கணக்கில் ஏறக்குறைய அரைக் குன்றிமணி எடை.

இதைப் படித்தபோது எழுந்து நின்று கும்பிடத் தோன்றியது. ஒரே இலை மாசத்துக்கு மாசம், மலைக்கு மலை மாறும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் மூட்டையில் அதை எழுதி வைப்பவர் எத்தனை பேர்?

நட்டக் கணக்கு

பத்து வருஷம் பார்த்த பிறகு, 1785-ல் விதரிங் தம் நூலை வெளியிட்டார். ஃபாக்ஸ்குளோவைப் பற்றியும் அதன் சில மருத்துவப் பயன்களைப் பற்றியும் ஒரு வரலாறு என்பது அதன் தலைப்பின் பொருள். முகப்பில் செடியின் வண்ணப்படம். உள்ளே 163 நோயாளிகளின் கணக்கு. பிழைத்தவர், பிழைக்காதவர், மருந்து கேட்டது, கேட்காதது, அதிகமாகக் கொடுத்துத் தவித்தது, எல்லாம் இருக்கிறது. வெற்றியானவற்றை மட்டும் பொறுக்கிப் போட்டிருந்தால் மருந்துக்கும் எனக்கும் நல்ல பெயர் கிடைத்திருக்கும். ஆனால் அது உண்மைக்கு ஆகாது என்ற கருத்தை முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார்.

முதலில் எழுதியவர் அவர்தானா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அதே வட்டாரத்து எராஸ்மஸ் டார்வின், பரிணாமக் கொள்கை சொன்ன டார்வினின் தாத்தா, 1780-லேயே இந்த மருந்தைப் பற்றி அச்சில் எழுதிவிட்டார். அதில் விதரிங்கின் பெயரைச் சொல்லவில்லை. இருவருக்கும் மனக்கசப்பு உண்டாயிற்று. இன்று உலகம் விதரிங்கை நினைப்பதற்குக் காரணம் அவர் காட்டிய முழுக் கணக்கு.

விதரிங் வகுத்த விதி எளிமையானது. மருந்தைக் கொடுத்துக்கொண்டு வா. சிறுநீர், வயிறு, நாடி, மலம் இவற்றில் எதில் முதலில் மாற்றம் தெரிந்தாலும் உடனே நிறுத்து. இந்த மருந்து சிறுநீரைப் பெருக்குவது என்றுதான் அவர் முக்கியமாக நினைத்தார். இதயத்தின் ஓட்டத்தின் மேல் இதற்கு வேறெந்த மருந்துக்கும் இல்லாத ஆதிக்கம் இருக்கிறது என்பதையும் குறித்துவைத்தார். காரணம் முழுதாகத் தெரியாவிட்டாலும் கண்டதைக் கண்டபடி எழுதினார். வாந்தி, நாடி தளர்தல், பொருள்கள் பச்சையாகவும் மஞ்சளாகவும் தெரிதல் என்று மருந்து மிஞ்சிய அடையாளங்களையும் எழுதியிருக்கிறார். எங்கள் அம்மா 2006-ல் சுவரைப் பார்த்துச் சொன்னதை அவர் 1785-லேயே அச்சில் ஏற்றியிருக்கிறார்! நான் மோர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

விதரிங் 1799-ல் காலமானார். எட்ஜ்பாஸ்டன் பழைய தேவாலயத்தில் அவருடைய நினைவுக் கல்லில் ஃபாக்ஸ்குளோவைச் செதுக்கியிருக்கிறார்கள்.

இலை மாத்திரையான கதை

பொடி எவ்வளவு கவனமாகச் செய்தாலும் வீரியம் மாறத்தான் செய்யும். பிரான்சில் நாட்டிவெல் என்பவர் 1860-களின் கடைசியில் இலையின் சத்தைப் படிகமாகப் பிரித்தார். 1930-ல் சிட்னி ஸ்மித் என்ற இங்கிலாந்து வேதியியலார், இதன் உறவுச் செடியான டிஜிட்டாலிஸ் லனாட்டாவிலிருந்து டிகாக்சினைப் பிரித்தெடுத்தார். ஆனாலும் இலைக்கு உடனே ஓய்வு கிடைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுச் சரக்கு நின்றபோது, பிரிட்டனில் மாவட்டந்தோறும் மூலிகைக் குழு அமைத்து, பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் காட்டு ஃபாக்ஸ்குளோவ் இலையைப் பறித்துக் கொடுத்தார்கள். நம் நாட்டிலும் காஷ்மீர், டார்ஜிலிங் பக்கத்து மங்பூ, நீலகிரி ஆகிய மலைப் பகுதிகளில் மருந்துக்காக இதைப் பயிரிட்டதுண்டு.

டிகாக்சின் மாத்திரை ஒன்றில் மருந்து கால் மில்லிகிராம். ஒரு குன்றிமணி எடை மருந்தில் சுமார் 480 மாத்திரை செய்யலாம். தங்கம் நிறுக்கிறவன்கூட இவ்வளவு நுணுக்கம் பார்க்க மாட்டான். இது இதயத் தசை சுருங்கும் வலுவைக் கூட்டும், துடிப்பின் வேகத்தைக் குறைக்கும். குணம் தருகிற அளவுக்கும் கெடுதல் செய்கிற அளவுக்கும் நடுவில் இடைவெளி மிகச் சிறியது. சிறுநீரகம் தளர்ந்த வயோதிகருக்கு ஒற்றை மாத்திரையே அதிகமாகிவிடலாம்.

1997-ல் 6,800 இதயநோயாளிகளிடம் நடத்திய பெரிய ஆய்வு, டிகாக்சின் ஆஸ்பத்திரிக்குப் போவதைக் குறைக்கிறது, ஆனால் ஆயுளைக் கூட்டவில்லை என்று சொன்னது. அதன்பின் இதன் மவுசு குறைந்தது. 2025-ல் ஜெர்மனி முதலிய நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்று, இதன் உடன்பிறப்பான டிஜிட்டாக்சினைக் குறைந்த அளவில் சேர்த்தபோது, மரணமும் இதயநோய் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்வதும் சேர்ந்த கணக்கு குறைந்தது என்று வெளியிட்டிருக்கிறது. இருநூற்று நாற்பது வருஷமாகியும் கணக்கு இன்னும் மூடவில்லை.

நம் பக்கத்து அரளி

இவ்வளவு சொல்லிவிட்டு அரளியைச் சொல்லாமல் விட முடியாது. செவ்வரளியிலும் மஞ்சள் அரளியிலும் இதே குணமுள்ள சத்துக்கள் இருக்கின்றன. நெடுஞ்சாலைகளின் நடுப்பாத்தியில் மைல் கணக்காகப் பூத்து நிற்பது அதுதான். செவ்வரளியும் மஞ்சள் அரளியும் ஒரு குடும்பம், ஃபாக்ஸ்குளோவ் முற்றிலும் வேறு குடும்பம். ஃபாக்ஸ்குளோவை இப்போது இசப்கோல் செடியின் குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். சம்பந்தமேயில்லாத செடிகள் தனித்தனியாக ஒரே ஆயுதத்தைச் செய்துகொண்டிருக்கின்றன. டிகாக்சினுக்கு என்று கண்டுபிடித்த முறிமருந்து அரளி விஷத்துக்கும் கேட்கிறது என்று இலங்கையில் நடந்த ஆய்வு 2000-ல் காட்டியது. அரளி விதை என்றாலே நம் வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளை அதட்டி விரட்டியது சும்மா இல்லை.

முடிவாக

ஒரே செடி பாத்தியில் அழகு, பொட்டணத்தில் இரகசியம், மாத்திரையில் உயிர், இரண்டு மாத்திரையில் ஆபத்து. நடுவில் இருப்பது அளவு. அந்த அளவைக் கண்டுபிடிக்க ஒருவர் தம் தோல்விகளையும் சேர்த்து எழுத வேண்டியிருந்தது. நட்டத்தை எழுதாத பேரேட்டை நம்பி எந்த வியாபாரியும் கடன் கொடுக்க மாட்டான்.

நம்மைப்போல் வெளி மாநிலத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பெற்றோர் ஊருக்கும் இங்குமாக அலைகிறவர்கள். அங்கே ஒரு டாக்டர், இங்கே ஒரு டாக்டர், இரண்டு மொழியில் இரண்டு சீட்டு. அட்டையின் மேலுள்ள பெரிய பெயரைப் பார்க்காதீர்கள். கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் எல்லா அட்டையையும் ஒரே பையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, கடையில் உபயோகிக்கும் சிவப்பு அட்டைப் போட்ட நீள நோட்டு ஒன்றைச் சமையலறை ஆணியில் மாட்டினேன். தேதி, மாத்திரை, நாடி என்று மூன்று பத்தி. அம்மா 2014 வரை இருந்தார். கடைசி வருஷங்களில், நான் மறந்தாலும், "இன்னிக்குக் கணக்கு எழுதலையேடா" என்று அவரே ஞாபகப்படுத்துவார். எட்டு வருஷக் கணக்கு. விட்டுப்போன நாள் இருபத்திமூன்று. அதையும் எழுதித்தான் வைத்திருக்கிறேன்.